அண்ணன் அடைத்த வளைவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்யும் கிட்டார்களின் தோளில் இருக்கும் வளைவை எலி கடிக்கவில்லை. கீழே விழுந்து உடையவில்லை. மரம் பற்றாமல் போய் அப்படியே விட்டுவிடவும் இல்லை. நான்தான் வெட்டினேன். வரைந்து, அளந்து, அச்சுப் பலகை செய்து, வேண்டுமென்றே வெட்டினேன். மார்க்கையன்கோட்டையில் என் பட்டறைக்கு வந்து போகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்கிறார். தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்கிறார். வாழைத்தார் வெட்ட வந்த ஆட்கள் நிழலுக்கு உள்ளே வந்து, சுவரில் தொங்குவதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இங்கன மட்டும் ஏன்க்கா கொறையா இருக்கு?" என்கிறார்கள்.

குறை இல்லை, வழி. கிட்டாரின் கழுத்து உடம்போடு சேருமிடம் வரைக்கும் இடது கை தாராளமாகப் போய்விடும். ஆனால் கம்பிகள் அதற்கு அப்பாலும் போகின்றன, மிக மேலே இருக்கும் சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே விரல் போக வேண்டுமென்றால் கிட்டாரின் தோள் குறுக்கே நிற்கும். அதனால் ஒரு பக்கத் தோளை மட்டும் உள்வாங்கி வளைத்துவிடுகிறோம். கட்அவே என்பார்கள். கை நுழைவதற்கு ஒரு சந்து, அவ்வளவுதான். ராயப்பன்பட்டி சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு வாசிக்கிறவர்கள் கழுத்து வளைந்துபோன கிட்டார்களை என்னிடம் கொண்டுவருவார்கள், அவர்கள் ஒரு நாளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் என் ஆட்கள், என் சொந்தபந்தம்.

அவர்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது, அதை விழுங்கிக்கொண்டுதான் கேட்பார்கள். எங்கள் வீடுகளில் விளிம்பு உடைந்த பானையில் பொங்கல் வைக்கமாட்டார்கள். முகம் நசுங்கிய குத்துவிளக்கை ஏற்றமாட்டார்கள். ஓரம் பெயர்ந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்தால் பெரிய சண்டையே வரும். மூளி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். முழுசாக இல்லாத எதுவும் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது கணக்கு. அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, கிட்டாரைப் பற்றியும் சரி, என்னைப் பற்றியும் சரி. என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கியிருந்த ஹாஸ்டலுக்குக் கீழே இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் கடை ஒன்று. சும்மா நின்று பார்க்கப் போனவள், பிறகு விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் திராட்சையும் வாழையுமாகப் பொழுது போனது. கணவர் மருந்து தெளிக்கிற பம்புகளைப் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகைதான் இப்போது என் பட்டறை. அவர் போனபின் அதைக் காலி செய்து இழைப்புளியும் ரம்பமும் வாங்கிப் போட்டபோது, "மனசு ஒரு நெலையில இல்ல, எதையாவது செஞ்சுட்டுப் போகட்டும்" என்று சொன்னார்கள். மூன்று ஊர் தள்ளியிருந்து என்னைத் தேடி வந்து கிட்டார் வாங்கிப் போகிற இன்றைக்கும் என் தொழிலுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பொழுதுபோக்கு. ஆண் ஒருவன் செய்தால் கம்பெனி, நான் செய்தால் மனசு சரியில்லை.

அது போக, மரம். போனில் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது வெளிநாட்டு மரத்தின் பெயரைத்தான். உள்ளூர் மரத்தில் மட்டும்தான் செய்வேன் என்றால், "இந்த ஊர் மரத்துல சத்தம் வருமா மேடம்?" என்று ஒரு கேள்வி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீணைக்குக் குடம் பலா. தவிலுக்குப் பலா. நாதஸ்வரத்துக்கு ஆச்சா. அவற்றிடம் போய் யாராவது சத்தம் வருமா என்று கேட்டார்களா? கம்பத்துக்கு மேலே ஏலத்தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சந்தன வேம்பை ரசீதோடு வாங்கி வருகிறேன். செந்நிறமாக, லேசாக இருக்கும், அறுத்தால் பென்சில் சீவிய வாசம் வரும். மெல்லிதாக இழைத்துக் காதருகே வைத்து விரலால் தட்டினால் மணி போல நின்று ஒலிக்கும். அதுதான் மேல் பலகை. கழுத்துக்கு வேங்கை, பிள்ளைகளுக்குப் பொட்டு வைக்கப் பால் எடுக்கிற அதே வேங்கை. விரல் பலகைக்குப் போடியில் இடித்த பழைய வீடுகளின் தோதகத்திக் கட்டில் சட்டங்கள், ஈட்டி மரம் என்பார்களே அது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் பலா.

என் அண்ணன் மகளுக்காகச் செய்த கிட்டாரின் பலா எங்கள் அப்பாவின் தோட்டத்தில் நின்றது. பாகப் பிரிவினையில் அந்தத் தோட்டம் அண்ணனுக்குப் போனது. அண்ணன் சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். ஓர் ஆடிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்ததும் விறகுக்கு விலை பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏத்தா, பலா விழுந்துருச்சு. ஒனக்கு ஆகும்ல? எப்படி அறுக்கணும்னு சொல்லு, நானே நின்னு அறுத்துக் கொண்டாரேன்." சொன்னபடி வாள்பட்டறையில் நின்று, நான் சொன்ன கனத்துக்கு அறுக்க வைத்து, சின்ன லாரியில் ஏற்றி, தானே இறக்கி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் நல்லவர். இந்தக் கதை முழுக்க அவர் நல்லவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பலகைகள் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். கொச்சியில் வேலை பார்க்கிறாள். கிட்டாரும் அங்கேதான் படித்தாள், பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டது. மாப்பிள்ளை உத்தமபாளையத்துப் பையன், அவனுக்கும் கொச்சியில்தான் வேலை. நிச்சயம் முடிந்த மறுநாளே என் பட்டறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, ரிசப்ஷன்ல நான் வாசிக்கப் போறேன். நீ செஞ்ச கிட்டார்லதான். அப்புறம் அது என் சீர்ல இருக்கணும். பீரோ, கட்டில் எல்லாம் அதுக்குப் பின்னாடி நிக்கட்டும்."

அவள் தானே போட்ட மெட்டு ஒன்று இருந்தது. வாசித்துக் காட்டினாள். முடிவு மேலே போய் நிற்கிற மெட்டு. அவளுக்குச் சின்னக் கை. அவளிடமிருந்த பழைய கிட்டாரில் அந்தக் கடைசி இடத்துக்கு வரும்போது மணிக்கட்டு தோளில் முட்டி விரல் நழுவியது. இரண்டு தரம் முயன்றுவிட்டு நிறுத்திக்கொண்டாள். "எனக்கு நல்லா ஆழமா வளைச்சுக் குடு அத்தே. ஆனா கூரா வேணாம், சேலை மாட்டும். உருட்டையா வேணும்."

சீர் என்று அவள் சொன்னது எனக்கு எங்கே போய்ப் பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியவள் நான், அத்தை முறைக்கு. அப்போது என் கணவர் இருந்தார். இந்தக் கல்யாணத்தில் அத்தை செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் வேறு கைக்கு மாறிக்கொண்டிருந்தது. முகூர்த்தக்கால் நட மதினியின் அக்கா. நலங்குக்குச் சித்தப்பா மகள். "ஒனக்கு எதுக்கு அலைச்சல்? ஒனக்குத்தான் முட்டு வலி இருக்குல்ல" என்று மதினி அன்பாகச் சொன்னார். எனக்கு முட்டு வலி கிடையாது. பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். சரி, நான் முன்னால் நிற்க வேண்டாம், என் கை செய்தது நிற்கட்டும் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கிட்டார் நான் செய்தபடியே அந்தச் சீரில் நிற்க வேண்டும், அந்தச் சின்னக் கை அந்தக் கடைசிச் சுரத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வளைவு ஆழமாக இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும், அடிச் சத்தம் மெலியும். அதற்கு ஈடாக உடம்பை ஒரு நூல் கூட்டி ஆழமாக்கினேன். உள்ளே மேல் பலகையைத் தாங்கும் விலாச் சட்டங்களை வளைவிருக்கும் பக்கம் கொஞ்சம் மெல்லிதாகச் சீவினேன். வரைபடம் மட்டும் நாலைந்து தடவை மாறியது. ஆனால் கஷ்டம் வரைவதில் இல்லை. பலா வளையாத சாதி. நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொண்டு ஓடும். பக்கப் பலகையைக் காகித அட்டை கனத்துக்கு இழைத்து, நனைத்து, சுட்ட இரும்புக் குழாயின் மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். இடுப்பு வளைவு வந்துவிடும். தோள் வளைவு அதற்கு நேர் எதிர்ப் பக்கம் திரும்ப வேண்டும், அதுவும் இறுக்கமாக. முதல் பலகை அந்தத் திருப்பத்தில் படக்கென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. நான் பலகையைத் திட்டினேன், குழாயைத் திட்டினேன், கூராகவே வைத்துத் தொலைத்திருக்கலாம் என்று சேலையைத் திட்டினேன். கடைசியாக ஒன்று, குழாயின் மேல் ஆவி பறக்க, கைக்கு அடியில் பிசுக்கென்று இளகிக் கொடுத்தது. மரம் இளகும் அந்த நொடி கைக்குத்தான் தெரியும். அப்படியே பிடித்து அச்சில் இறுக்கிவிட்டு வெளியே போய் முகம் கழுவினேன்.

பாலீஷுக்கு அரக்குதான் போடுவேன், துணிப் பந்தால் தேய்த்துத் தேய்த்து. பலாவின் மஞ்சள் தேன் நிறத்துக்கு வந்தது. கம்பி கட்டி மீட்டியபோது கொட்டகைத் தகரம் கூடக் கொஞ்சம் அதிர்ந்ததாகத் தோன்றியது. என் கையை வளைவுக்குள் விட்டுப் பார்த்தேன். எங்கும் முட்டவில்லை.

எடுத்துப்போக அண்ணனும் மதினியும் வந்தார்கள். அண்ணன் அப்பா மரத்தைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கினார். மதினி கிட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த வளைவின் மேல் வந்து நின்றார்.

"இது இம்புட்டுத்தானா? அங்கன இன்னும் வேலை கெடக்கா?"

"இல்ல மதினி, அது அப்படித்தான். கை போறதுக்கு."

"ஓகோ" என்றார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். "நல்லாருக்குத்தா" என்றார். அந்த ஓகோவையும் அந்தப் பார்வையையும் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். செய்து முடித்த சந்தோஷத்தில் எதுவும் கண்ணில் படவில்லை.

கல்யாணம் உத்தமபாளையத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் முகூர்த்தம், முந்தின நாள் மாலை ரிசப்ஷன். ரிசப்ஷன் அன்று மதியத்துக்கே போய்விட்டேன். வாசலில் மதினியின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன், எனக்கென்று ஒரு நாற்காலி பார்த்து வைத்திருந்தார். கூடத்தின் கடைசியில், பெரிய ஃபேனுக்குப் பக்கத்தில். "இங்கன நல்லாக் காத்து வரும்க்கா." அங்கே ஏற்கெனவே எங்கள் பெரியம்மா உட்கார்ந்திருந்தார், அப்பாவின் அண்ணன் மனைவி, இளம் வயதிலேயே பெரியப்பாவை இழந்தவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் அவர் ஃபேன் பக்கம்தான். அவரும் முட்டு வலிக்காரர் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

மேடைக்குக் கீழே சீர்வரிசை அடுக்கியிருந்தார்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்குகள், பழத்தட்டுகள். நடுவில் ஸ்டாண்டில் என் கிட்டார், நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து. தூரத்திலிருந்து பார்த்தபோதே என்னவோ சரியாக இல்லை. வேறு யாருடைய கிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத்தின் பாதி வரை நடந்து போனபின்தான் புரிந்தது.

வளைவை அடைத்திருந்தார்கள்.

தேக்குக் கட்டை ஒன்றை அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி செதுக்கி, பசை போட்டு ஒட்டி, இந்தத் தோளைப் போலவே அந்தத் தோளையும் உருட்டி, வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பார்க்க அம்சமான, முழுசான கிட்டார். எட்டிக் குனிந்து தோளில் தட்டினேன். கல்லில் தட்டியது போலச் செத்துக் கிடந்தது. நான் எத்தனை நாள் எத்தனை பலகையை உடைத்து அந்த இடத்தைத் திறந்தேன். ஒரு பசைப் பாட்டிலை எடுத்து மூடிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கால் முதல் உச்சி வரை கோபம்தான் வந்தது.

அண்ணன் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தனியே அழைத்துப்போனார்.

"கோவிச்சுக்கிறாதத்தா. சம்பந்தி வீட்டுப் பெரியவுக யாராச்சும் பாத்துட்டு, என்னய்யா மூளிச் சாமானைச் சீர்ல வச்சிருக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? வெளிய எடுத்து வைன்னு சொல்லிட்டா ஒனக்குத்தான கேவலம்? ஒன் சாமான் வெளிய நிக்கக் கூடாதுன்னுதான் நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி அடைச்சேன். நல்ல தேக்கு. ஒனக்கே சந்தோசமா இருக்கும்னு நெனைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறார். ஆசாரி வீட்டுக்கு நடையாய் நடந்து, நல்ல கட்டையாகப் பார்த்துப் பொறுக்கி, பக்கத்தில் நின்று ஒட்ட வைத்திருக்கிறார், பலா அறுக்கும்போது நின்றது போலவே. என்னை ஒரு வார்த்தை கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. என் விஷயம் எதிலும் என்னைக் கேட்க இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. அன்பு இருக்கிற இடத்தில் கேள்வி எதற்கு என்று இருக்கிறார்கள்.

"மரக்கட்டைக்கு ஒரு துண்டை வச்சு ஒட்டி முன்னாடி நிறுத்திட்ட" என்றேன். "எனக்கு எதை வச்சு ஒட்டப் போற அண்ணே?"

அவர் கையில் இருந்த இலைக் கட்டை மறுபடி எண்ணத் தொடங்கினார். பதிலுக்காக நான் நிற்கவில்லை. நேரே போய்ச் சீர்த்தட்டுகளுக்கு நடுவே காலை வைத்து, குத்துவிளக்கை ஒதுக்கி, கிட்டாரைத் தூக்கினேன். "ஏத்தா, நீ அதைத் தொடாத" என்று பின்னால் யாரோ ஓர் அம்மா பதறினார். நான் செய்த பொருளை நான் தொடக் கூடாதாம். திரும்பிப் பார்க்காமல் சமையல் கட்டுக்கு நடந்தேன்.

அங்கே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. தலைமைச் சமையல்காரர் நான் கொண்டுவந்ததைப் பார்த்து, "என்னம்மா, வீணையா?" என்றார். மெல்லிய தோசைத் திருப்பி இரண்டு வேண்டும் என்றேன். அவர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். அந்த மண்டபத்தில் அன்றைக்கு எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். ஒன்றை அடுப்பில் சுடவிட்டு, மற்றதைக் கட்டைக்கும் பலாப் பலகைக்கும் நடுவே பசை ஓடும் கோட்டில் வைத்து மெதுவாக அழுத்தினேன். சூடு ஆறினால் மாற்றுவேன். சுற்றி ஈரத் துணி. அந்தப் பலகை எவ்வளவு மெல்லிது என்று எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் அவசரப்பட்டால் கட்டையோடு சேர்ந்து பலகையும் பிய்ந்து வந்துவிடும், பிறகு வளைவும் இல்லை, கிட்டாரும் இல்லை.

மருதாணி காய்ந்த கையோடு கல்யாணப் பெண் ஓடிவந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கட்டையைப் பார்த்தாள். அதுவரை அவளும் பார்த்திருக்கவில்லை. பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்து மதியம்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள்.

"யாரு அத்தே இது?"

"ஒங்கப்பாதான். நல்லதுக்குச் செஞ்சாராம்."

அவள் தரையில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு முனையில் நெறுநெறுவென்று சத்தம் கேட்டபோது அழுத்துவதை நிறுத்தி, சூடான திருப்பியை மாற்றி வைத்தேன். கட்டை கையோடு வந்தது. பலகையில் இரண்டு மூன்று நார் உரிந்திருந்தது, அதற்கு மேல் சேதமில்லை. ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் அரக்கு வெளுத்து, வளைவு முழுக்கத் தேமல் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், மேக்கப் போட வந்த பெண் வாசலில் நின்று கத்துகிற வரைக்கும்.

"மேல பாலீஷ் போட நேரமில்ல" என்றேன்.

"வேணாம் அத்தே, இருக்கட்டும். தெரியட்டும்."

மாலையில் மேடையில் மைக் வைத்து அவள் உட்கார்ந்தாள். சூட்டில் கம்பிகள் சுருதி கலைந்திருந்தன. ஃபேன் பக்கம் இருந்த என்னை மைக்கிலேயே கூப்பிட்டாள். "அத்தே, மேல வா. சுருதி சேத்துக் குடு." கூடம் முழுக்கத் திரும்பியது. எழுந்து அந்த நீளமான கூடத்தைக் கடந்து மேடை ஏறினேன். சுருதி சேர்த்துவிட்டு இறங்காமல் அங்கேயே ஓரமாக நின்றேன். அவள் வாசித்தாள். பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் ஓடின, வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. கடைசியில் அந்தச் சின்னக் கை வெள்ளைத் திட்டைத் தாண்டி வளைவுக்குள் போய், மேலே போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. விரல் நழுவவில்லை.

மறுநாள் காலை சீர்வரிசை மறுபடி அடுக்கியிருந்தார்கள். கிட்டார் முன்வரிசையில்தான் இருந்தது, வளைவும் திட்டும் தெரிய. அண்ணன்தான் வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சம்பந்தி வீட்டில் யாரும் அதை மூளி என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். இவருக்குப் பயந்துதானா என் வளைவை அடைத்தீர்கள் என்று எனக்கு மறுபடியும் கோபம் தலைக்கேறியது. இல்லாத நாலு பேருடைய வாய்க்காக, இருக்கிற ஒருத்தியை ஒதுக்கி வைக்கிறார்கள்.

நான் இருந்ததென்னவோ பழைய இடத்தில்தான், ஃபேனுக்குப் பக்கத்தில், பெரியம்மாவோடு. முந்தின நாள் மேடை ஏறியதற்குக் கிட்டார் காரணம். முகூர்த்தத்துக்குச் சுருதி சேர்க்க வேண்டியதில்லையே.

தாலியைத் தேங்காய் மேல் வைத்து, எல்லோரும் தொட்டு வாழ்த்தத் தட்டில் கொண்டுவந்தார்கள். தாய்மாமன்தான் ஏந்தி வந்தார். ஒவ்வொரு வரிசையாக நின்று வந்தவர், எங்கள் வரிசைக்கு வந்ததும் தட்டை வலது பக்கமாகச் சாய்த்து அந்தப் பக்கம் திரும்பினார். பழகிய திருப்பம். பெரியம்மா அதற்குமுன்பே தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, இங்கன" என்றேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். அண்ணன் மேடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை நீட்டு என்று சைகை காட்டவில்லை. வேண்டாம் என்றும் காட்டவில்லை. ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். முன் நாற்காலியின் முதுகு குறுக்கே மறித்தது. அதன் மேலாக முழுக் கையையும் நீட்டித் தாலியைத் தொட்டேன்.

தட்டு நகரவில்லை. பெரியம்மா நிமிர்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலை முந்தியில் தன் வலது கையை ஒரு தரம் துடைத்துக்கொண்டு அவரும் நீட்டினார்.